நெருப்பில் குளிரும் பெட்டி

டிசம்பர் 11

நாங்கள் குடியிருக்கிற வண்டியை அப்பா மறுபடி திருப்பி நிறுத்திவிட்டார்.

நேற்று நான் அரை நாள் பாடுபட்டு மட்டமாக வைத்திருந்தேன். முன் சக்கரத்தின் கீழ் ஒரு கட்டை, பின் சக்கரத்தின் கீழ் இன்னொன்று. ஃபிரிட்ஜ் இருக்கும் சுவர் தெற்கே பார்த்து இருந்தது, இந்த நாட்டின் டிசம்பர் கோடையில் வெயில் குறைவாகப் படுகிற பக்கம். இன்று காஸ் சிலிண்டர் வாங்கப் போய்த் திரும்பியவர் மூக்கை ஆற்றுப் பக்கம் வைத்து, கரைச் சரிவிலேயே நிறுத்திவிட்டார்.

"சாயங்காலம் ஆத்தைப் பார்த்துட்டு உக்காரத்தானே வீட்டையே வித்தோம்? உன் ஃபிரிட்ஜுக்கு நல்லாருக்குன்னு நான் புதரைப் பார்த்துட்டு உக்காரணுமா?"

என் ஃபிரிட்ஜ். வண்டி அவருடையது, ஆறு அவருடையது, ஃபிரிட்ஜ் மட்டும் என்னுடையது.

இப்போது அந்தச் சுவர் மேற்கே பார்க்கிறது. மதியத்திலிருந்து இருட்டும்வரை வெயில் அதன் மேல்தான் விழும். மர நிழலுக்கும் போக முடியாது. சூடு ஏறினால் இந்தத் தைல மரங்கள் சத்தமே இல்லாமல் கிளையை உதறிவிடும். போன வருஷம் ஒரு கூடாரம் அப்படித்தான் போனது.

டிசம்பர் 12

கட்டை வைத்தேன். போதவில்லை. இன்னும் மூக்கு தாழ்ந்துதான் இருக்கிறது.

டிசம்பர் 14

இந்த ஃபிரிட்ஜைப் பற்றி யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருக்கிறது. யாருமில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

இது காஸில் ஓடுகிறது. பின்பக்கம், ஒரு குட்டி நீலத் தீ எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். அந்தச் சூட்டில் குழாய்க்குள் இருக்கிற ஏதோ ஒன்று மேலே ஏறி, இறங்கி, உள்ளே இருப்பதைக் குளிர வைக்கிறது. நெருப்பை வைத்துக் குளிர் செய்கிற பெட்டி. வண்டி சாய்ந்திருந்தால் அது ஏறும், இறங்கத் தெரியாமல் நின்றுவிடும். வெளிச்சுவரில் இருக்கும் கம்பித் துளைகள் வழியாகச் சூடு வெளியே போக வேண்டும். அந்தச் சுவரிலேயே வெயில் அடித்தால் சூடு எங்கே போகும்? உள்ளேதான்.

அப்பாவிடம் இதைச் சொன்னால், "எங்க சுண்டெலி இஞ்சினியர் ஆயிடுச்சு" என்று பக்கத்து வண்டிக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார். சொல்லியும் சிரித்திருக்கிறார். அவர் சிரித்தால் எல்லாரும் சிரிப்பார்கள். அவரைப் பிடிக்காத ஆள் இந்த ஆற்றங்கரையில் இல்லை.

பீர், தூண்டில் புழு, வெண்ணெய் எது கெட்டாலும் எனக்குக் கவலையில்லை. நடுத்தட்டில் ஒரு சாப்பாட்டு டப்பாவுக்குள் அம்மாவின் மருந்து நிரப்பிய ஊசிப் பேனாக்கள் இருக்கின்றன. அதுதான்.

டிசம்பர் 15

அம்மாவின் கைகள் மூடிக்கொண்டு இரண்டு வருஷம் ஆகிறது. மூட்டெல்லாம் வீங்கி, விரல்கள் உள்ளே மடங்கி. பழம் பறிக்க முடியவில்லை. அதனால்தான் நான் பத்தாம் வகுப்போடு நின்றேன். அம்மாவின் இடத்தில் நான் ஏணியில் ஏறினேன். பள்ளிக்கூடத்தை விட்டதில் பெரிய வருத்தமில்லை. அங்கேயும் யாரிடமும் பேசினதில்லை.

இந்த ஊசி புதிது. அடிலெய்டிலிருந்து வருகிற டாக்டர் அம்மாவிடம் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "மார்ச்ல கையைப் பார்ப்பேன். வேலை செஞ்சிருந்தா தொடர்ந்து கிடைக்கும். இல்லைன்னா இந்த மருந்து உங்களுக்கு ஒத்துக்கலைன்னு எழுதிடணும் கேத், அப்புறம் கேட்டாலும் தர மாட்டாங்க."

மருந்துக் கடைக்காரி சொன்னதும் நினைவிருக்கிறது. "சூடாகவும் கூடாது, உறையவும் கூடாது. ரெண்டுல ஏதாவது ஆச்சுன்னா தூக்கிப் போட்டுடணும்." அப்பா அப்போது கடைக்கு வெளியே யாரிடமோ மீன் கதை பேசிக்கொண்டிருந்தார்.

அம்மா கை திறந்தால் நான் வூலாவின் நர்சரிக்குப் போகலாம். திராட்சைக் கொடிகளை ஒட்டுக் கட்டி வளர்க்கிற இடம். பின்னால் ஓர் அறை இருக்கிறது. "மார்ச்ல வா. கொடிங்க பேசாது, நீயும் பேசாத, ரெண்டு பேருக்கும் ஒத்துப் போகும்" என்றாள் வூலா. என்னைப் பற்றி ஒருவர் சொன்னதில் எனக்கு வலிக்காத ஒரே வாக்கியம் அதுதான்.

டிசம்பர் 20

அம்மா இன்று தேநீர்க் கோப்பையைக் காதைப் பிடித்துத் தூக்கினாள். இரண்டு உள்ளங்கையாலும் அணைத்து அல்ல. காதைப் பிடித்து.

நான் பார்க்காத மாதிரி இருந்தேன். அவளும் தூக்காத மாதிரி இருந்தாள்.

டிசம்பர் 22

ஃபிரிட்ஜுக்குள் நேற்று காலை ஏழு டிகிரி. மதியம் பத்து. சாயங்காலம் பதின்மூன்று. எட்டைத் தாண்டக் கூடாது.

இன்று வெளிச்சுவர் முன்னால் கம்பு நட்டு நிழல் துணி கட்டினேன், சுவரைத் தொடாமல், இடையில் காற்று போகிற மாதிரி. மேல் துளைக்குள் பழைய கம்ப்யூட்டர் விசிறி ஒன்றை வைத்துக் கட்டினேன். தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்து டப்பாவுக்கு இரு பக்கமும் நிறுத்தினேன், ஒட்டாமல். சாயங்காலம் எட்டரை டிகிரிக்கு இறங்கியது.

அப்புறம் அப்பா ஒரு பெட்டி பீரை, வெயிலில் கிடந்த பக்கத்து வண்டிக்காரரின் லாரியிலிருந்து அப்படியே கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து உள்ளே அடுக்கினார்.

"கிறிஸ்துமஸ்டா சுண்டெலி."

பதினான்கு.

டிசம்பர் 23

இனி வேறு வழியில்லை. பக்கத்து வண்டி நோரீனிடம் கேட்க வேண்டும். அவர்கள் வண்டியில் இருப்பது வேறு வகை ஃபிரிட்ஜ். கூரை முழுக்க சூரியத் தகடு. சாய்ந்தாலும் வெயிலானாலும் அதற்குக் கவலை இல்லை.

எப்படிக் கேட்பது? முதல் வார்த்தை என்ன?

டிசம்பர் 23, பிறகு

கேட்டேன்.

அவர்கள் படிக்கு முன்னால் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். தட்டவில்லை. அவள் கணவர் லெஸ்தான் ஜன்னலில் பார்த்தார்.

"நோரீன், டேரல் பொண்ணு வந்து நிக்குது. சாமி ஊர்வலம் மாதிரி எதையோ தூக்கிட்டு நிக்குது."

"உள்ள வா கண்ணு, கதவைத் தொறந்து வச்சா இவ்வளவு ஏசியும் ஆத்துக்குத்தான் போகும். என்ன அது? வாயைத் தொறந்து சொல்லு. கடிக்க மாட்டேன், இப்பத்தான் சாப்பிட்டேன்."

சொன்னேன். பாதி வார்த்தை உள்ளேயே போய்விட்டது. ஆனாலும் அவளுக்குப் புரிந்தது. கிறிஸ்துமஸ் இனிப்புக்கும் நாயின் இறைச்சிக்கும் நடுவில் இடம் ஒதுக்கினாள்.

"உங்க அப்பாவுக்குத் தெரியுமா?"

தலையாட்டினேன். இல்லை என்று.

"அதுவும் சரிதான்" என்றாள் நோரீன். அவள் கண் பளபளத்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அவள் ஃபிரிட்ஜ் நான்கு காட்டியது.

டிசம்பர் 25

இழுத்தால் கிழிந்து பரிசு விழுகிற காகிதக் கிறிஸ்துமஸ் பட்டாசுக் குழலை அம்மா தானே பிடித்து இழுத்தாள். கிழிந்தது. அதிலிருந்து விழுந்த காகிதக் கிரீடத்தை அப்பா அம்மா தலையில் வைத்தார். "மகாராணி வர்றாங்க, எல்லாரும் எழுந்திருங்க." எல்லா வண்டிக்காரர்களும் எழுந்து நின்றார்கள். அம்மா சிரித்த சிரிப்பு.

அவர் இப்படியும் இருக்கிறார். அதுதான் கஷ்டம்.

ஜனவரி 5

டவுனுக்குப் போய் இரண்டு மாத மருந்தையும் சேர்த்து வாங்கி வந்தோம். அப்பா ஆற்றில் மேலே எங்கோ மீன் பிடிக்கப் போகலாம் என்கிறார், அதனால் அம்மா கேட்டுச் சேர்த்து வாங்கினாள். மார்ச் வரைக்கும் வேண்டியது எல்லாம் ஒரே பெட்டியில். நேராக நோரீனிடம் கொடுத்தேன். இந்த முறை கதவைத் தட்டினேன்.

அம்மா இப்போது சட்டைப் பொத்தானில் மேல் இரண்டை அவளே போடுகிறாள். நேரம் ஆகிறது. நான் உதவிக்குப் போனால், "விடு, விடு" என்கிறாள்.

வூலாவுக்கு மார்ச் முதல் வாரம் வருகிறேன் என்று செய்தி அனுப்பினேன். பதில்: கட்டை விரல் படம் மட்டும். அவளும் பேசாத ஆள்தான்.

ஜனவரி 8

தெரிந்துவிட்டது.

படகு இறக்குகிற இடத்தில் எல்லா ஆண்களும் நின்றிருந்தார்கள். நான் மீன் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தேன். யாரோ ஒருத்தர், லெஸ் இல்லை, வெள்ளைத் தாடிக்காரர், "என்ன டேரல், பொண்டாட்டி மருந்து நோரீன் வண்டியில, உன் பீரு மட்டும் உன் வண்டியிலயாமே? எது முக்கியம்னு நல்லாத்தான் பிரிச்சு வச்சிருக்க" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாதான் எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஜனவரி 8, சாயங்காலம்

அவரே நோரீனிடம் போய் மருந்தை வாங்கி வந்துவிட்டார். பெட்டியை மேசையில் வைத்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை.

"நம்ம வண்டியில ஃபிரிட்ஜ் இல்லையா? நான் என் குடும்பத்துக்கு ஒரு ஃபிரிட்ஜ்கூட வச்சுக்க வக்கில்லாதவனா? கரையில ஒவ்வொருத்தனும் கேக்குறான்."

அம்மா, "அவ என் நல்லதுக்குத்தானே டேரல்" என்றாள்.

"தெரியும் கேத். ரொம்ப நல்லது. ஊருக்கே தெரியற நல்லது."

நான் வாயைத் திறந்தேன். வார்த்தை வருவதற்குள் அவர் வெளியே போய்விட்டார். எப்போதும் அப்படித்தான். எனக்கு வார்த்தை வரும்போது கேட்க ஆளிருக்காது.

பீரை எல்லாம் வெளியே எடுத்தேன். பேனாக்களை நடுவில் வைத்தேன். பத்து. நாளையும் மறுநாளும் வெயில் நாற்பத்தைந்துக்கு மேல் போகுமாம்.

ஜனவரி 9

பதினொன்று. ஈரத் துணி, விசிறி, உறைந்த பாட்டில். கதவைத் திறக்கவே விடவில்லை. அப்பா, "பால் எடுக்கலாமா மேடம்?" என்று கை கட்டி நின்று கேட்டார். சிரிப்பு வரவில்லை.

"வண்டியை நேரா வச்சா போதும்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ஆனால் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது, அழுகிற மாதிரி ஆகிவிட்டது.

அவர் என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு வெளியே போனார்.

வண்டியை நகர்த்தவில்லை.

ஜனவரி 10

எழுத முடியவில்லை. நாளைக்கு எழுதுகிறேன்.

ஜனவரி 11

நேற்று விடியும் முன்பே பீச் பழத் தோட்டத்துக்குப் போய்விட்டேன். வெயிலுக்குப் பயந்து பத்து மணிக்கே எங்களை அனுப்பிவிட்டார்கள். நடந்து வந்தேன். அப்பா வண்டி நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காலடியில் பெரிய நீல ஐஸ் பெட்டி, மீனுக்கு வைத்திருப்பது. முகமெல்லாம் சிரிப்பு.

"வா சுண்டெலி. உன் பிரச்சினையை முடிச்சுட்டேன். பெட்ரோல் பங்க் போய் நாலு மூட்டை ஐஸ் வாங்கிட்டு வந்தேன். காஸும் வேணாம், கட்டையும் வேணாம். இந்த வெயில்லயும் நாளைக்கு வரைக்கும் நிக்கும் பாரு."

மூடியைத் திறந்து காட்டினார். ஐஸும் தண்ணீரும் கூழாக. ஓரத்தில் உப்பு மூட்டை, பாதி காலி.

உப்பு. மீன் பிடிக்கிற எல்லாருக்கும் தெரியும். பெரிய மீன் கெடாமல் இருக்க, சூடான பீர் சட்டென்று குளிர, ஐஸ் தண்ணீரில் உப்பைக் கொட்டுவார்கள். அப்போது அது வெறும் ஐஸை விடக் குளிரும். பூஜ்யத்துக்குக் கீழே போகும். பீர் டப்பாவை அதில் மறந்து வைத்தால் வெடிக்கும்.

பேனாக்கள் நடுவில், தண்ணீர் புகாத பைக்குள், அழகாகக் கட்டி. அவ்வளவு கவனமாகக் கட்டியிருந்தார்.

எடுத்துப் பார்த்தேன். பேனாவில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கும், மருந்து தண்ணீர் மாதிரித் தெரியும். வெள்ளையாக இருந்தது. ஆட்டினேன். ஆடவில்லை. எல்லாம். ஒவ்வொன்றும்.

"என்ன? இன்னும் குளிரு பத்தலையா?" என்றார் அப்பா. அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே கேட்டார். "நேத்து நீ அழுத மாதிரி இருந்துச்சு. அதான்."

நான் வாயைத் திறந்தேன். இந்த முறை வார்த்தை இருந்தது. ஆனால் அம்மா வண்டிப் படியில் நின்றுகொண்டு, அப்பாவின் தலைக்கு மேலே என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள். வேண்டாம்.

"ரொம்ப நல்லாருக்கு டேரல்" என்றாள். "இது ஏன் முன்னாடியே நமக்குத் தோணலை?"

ஜனவரி 12

கரைந்த பிறகு பார்த்தால் உள்ளே சின்னச் சின்னத் திரியாக மிதக்கிறது. அம்மாவிடம் காட்டினேன்.

"பார்த்தேன்."

"வேற வாங்கலாம். கடைக்கு நான் ஃபோன் பண்றேன்."

"நீயா? ஃபோனா?" அம்மா சிரித்தாள். பிறகு, "என்ன ஆச்சுன்னு கேப்பாங்க. டாக்டர்கிட்ட போகும். உங்கப்பாகிட்டயும் கேப்பாங்க" என்றாள்.

"கேக்கட்டும்மா."

"லெனி. அவர் எனக்குன்னு ஒண்ணு பண்ணி எத்தனை வருஷமாச்சு தெரியுமா? அந்த வெயில்ல போய் ஐஸ் சுமந்துட்டு வந்திருக்காரு. அதைக் கொண்டுபோய் அவர் மூஞ்சியில அடிக்கச் சொல்றியா?"

உன் கை, அம்மா? உன் கை என்னாகும்? என் மார்ச் என்னாகும்?

கேட்கவில்லை, இங்கேதான் கேட்கிறேன். நான் வெயிலைப் பார்த்துப் பயந்தேன். சுவரைப் பார்த்தேன், சாய்வைப் பார்த்தேன், பீரைப் பார்த்தேன். குளிர் வந்து கெடுக்கும்னு எனக்கு ஏன் தோணலை. அதுவும் பாசமா வந்து—

ஜனவரி 14

மேட்டில் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். ஏறி, மருந்துக் கடைக்கு ஃபோன் செய்தேன். அம்மாவின் பெயர், பிறந்த தேதி, உறைந்துபோனது, எல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன். அந்தப் பெண் நன்றாகத்தான் பேசினாள். "அதைப் போடவே வேண்டாம்னு சொல்லு. உங்கம்மாவை ஒரு தடவை பேசச் சொல்லுடா, நான் டாக்டர்கிட்ட பேசி ஏற்பாடு பண்றேன். உன் வாயால சொல்லி என்னால பண்ண முடியாது."

கீழே வந்து, மேட்டுக்கு வரச் சொல்லி அம்மாவிடம் ஃபோனை நீட்டினேன்.

அம்மா அதை வாங்கி, திரையைக் கவிழ்த்து மேசையில் வைத்தாள். கையால் அல்ல, மணிக்கட்டால் தள்ளி.

ஜனவரி 19

ஊசி நாள். அதையே போட்டுக்கொண்டாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "வலிக்குதா ராணி?" என்றார். "இல்லையே" என்றாள் அம்மா.

நான் வெளியே போய்விட்டேன்.

ஜனவரி 29

அப்பா வண்டியை நகர்த்தினார். எனக்காக அல்ல, பக்கத்தில் வந்தவர்களின் ஜெனரேட்டர் சத்தத்துக்காக. புது இடம் தட்டை, ஃபிரிட்ஜ் சுவர் தெற்கே. நான் எதுவும் செய்யாமலேயே ஐந்தில் நிற்கிறது.

கெட்டுப்போன மருந்து, நல்ல குளிரில் பத்திரமாக இருக்கிறது.

பிப்ரவரி 7

கோப்பை மறுபடி உள்ளங்கைக்குப் போய்விட்டது.

பிப்ரவரி 8

மேல் இரண்டு பொத்தானும் நான்தான்.

பிப்ரவரி 16

கரையில் அப்பா எல்லாரிடமும் சொல்கிறார்: "அந்த ஊசி வேலைக்கே ஆகலைப்பா. டாக்டருங்களும் மருந்துக் கம்பெனியும் சேர்ந்து ஆடுற ஆட்டம். முதல்ல கொஞ்சம் நல்லாருக்கிற மாதிரி காட்டும், அப்புறம் பழையபடிதான்."

நோரீன் என்னைப் பார்த்தாள். அவளுக்கு ஏதோ தெரியும். ஐஸ் பெட்டியைக் கரை முழுக்கத்தான் பார்த்தது. யாருக்கும் உப்பு தெரியாதா என்ன? ஆனால் அவளும் வாயைத் திறக்கவில்லை. ஊரெல்லாம் பேசுகிற வாய், பேச வேண்டிய ஒரே இடத்தில் பேசவில்லை.

என்னிடம் வந்து, "உங்கம்மாவுக்கு ஏதாவது செஞ்சு தரட்டுமா கண்ணு?" என்றாள்.

"வேண்டாம்" என்றேன்.

"ஃபிரிட்ஜ்ல இடம் இருக்கு."

"இனிமே வேண்டாம்."

பிப்ரவரி 24

வூலா கேட்டு அனுப்பினாள்: வருவது உறுதிதானா, இல்லையென்றால் வேறு ஆள் பார்க்க வேண்டும்.

பதில் எழுதவில்லை. மார்ச்சில் டாக்டர் பார்க்கட்டும். உண்மையைச் சொன்னால் மறுபடி தருவார்கள். முதலில் வேலை செய்ததே. எழுதி வைத்திருப்பார்களே. அம்மா டாக்டர் முன்னாலாவது சொல்வாள். அப்பா உள்ளே வர மாட்டார். யார் மனமும் நோகாது.

மார்ச் 4

அப்பா வண்டியிலேயே இருந்தார். நானும் அம்மாவும் உள்ளே போனோம்.

டாக்டர் சின்ன வயசுக்காரி. அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக மெதுவாகத் திறந்து பார்த்தாள். அம்மா முகத்தைச் சுளிக்காமல் இருக்கப் பார்த்தாள்.

"ஒண்ணும் விடாம போட்டீங்களா கேத்?"

"ஒண்ணும் விடலை."

"மருந்து சரியான குளிர்ல இருந்துச்சா? இந்த வருஷ வெயிலுக்குக் கேக்குறேன். வண்டியில இருக்கீங்களே."

அம்மா என் பக்கம் திரும்பி, என் முழங்கையில் கையை வைத்தாள். "இவதான் பார்த்துக்கிட்டா. இவளை மாதிரி யாரும் பார்த்துக்க முடியாது. ராவும் பகலும் அந்த ஃபிரிட்ஜ் முன்னாடியேதான்."

பெருமையாகச் சொன்னாள். உண்மையாகவே பெருமை.

அப்போது நான் பேசினேன். "உறைஞ்சுபோச்சு" என்றேன். "ஜனவரியில. எல்லாமே. அம்மா அதைத்தான் போட்டுக்கிட்டாங்க. முதல்ல வேலை செஞ்சுது, கோப்பையைக் காதைப் பிடிச்சுத் தூக்கினாங்க. அப்புறம் அது உறைஞ்சுபோச்சு."

முழுசாகச் சொன்னேன். எந்த வார்த்தையும் உள்ளே போகவில்லை. என் காதுக்கே கேட்டது.

டாக்டர் பேனாவை நிறுத்தினாள். "கேத்?"

அம்மா சிரித்தாள். "அது ஒண்ணே ஒண்ணு டாக்டர். அதை அப்பவே தூக்கிப் போட்டாச்சு. இவ பாவம், எதுக்கெடுத்தாலும் பயப்படுவா. ஆளுங்ககூடப் பழக்கமில்லை பாருங்க, ஃபிரிட்ஜே உலகமாப் போச்சு."

டாக்டர் என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். இன்னொரு முறையும் கேட்டாள். நல்லவள்தான். அம்மா அதே சிரிப்போடு அதையே சொன்னாள்.

என்ன செய்வாள்? எழுதினாள்.

இந்த மருந்து அம்மாவுக்கு இல்லை. மாத்திரைகள், பழையபடி.

மார்ச் 4, வண்டியில்

முன் சீட்டில் இரண்டு பேரும். நான் பின்னால் மேசையில்.

"என்ன சொன்னாங்க?"

"ஒத்துக்கலையாம்."

"நான்தான் சொன்னேனே. உள்ள அவ்வளவு நேரம் என்ன?"

"ஒண்ணுமில்ல. சுண்டெலி பேசிச்சு."

"பேசிச்சா? என்ன பேசிச்சு?"

"விடுங்க. ஏதோ."

அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "அடுத்து தேர்தல்ல நிக்கும் பாரு." அம்மா சிரித்தாள்.

அம்மா சிரிச்சா. இன்னிக்கு. அந்தக் கையை மடியில வச்சுக்கிட்டு.

மார்ச் 5

வூலாவுக்கு எழுதினேன்: உறுதி.

மார்ச் 7

அம்மாவின் உடைகளைப் பிரித்தேன். பொத்தான் வைத்தவை எல்லாம் அடியில். தலை வழியாகப் போடுகிறவை மேலே. மாத்திரை டப்பாக்களின் இறுக்கமான மூடிகளைக் கழற்றி எறிந்துவிட்டேன். காய் நறுக்குகிற கத்திக்குக் கைப்பிடியில் துணி சுற்றி வைத்தேன். அம்மா படுக்கையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நான் நல்லானதும்தானே போறதா இருந்த?"

"ஆமா."

"இப்ப?"

நான் துணி மடித்தேன்.

"கோவமா?"

"இல்லைம்மா."

பொய். அவளிடமிருந்துதான் கற்றேன், எவ்வளவு சுலபமாக வருகிறது.

மார்ச் 8

வூலா லாரியில் வந்து படகுத் துறையில் நிறுத்தினாள். இறங்கவில்லை, ஹாரனும் அடிக்கவில்லை. அப்பா என் பையைத் தூக்கி வந்தார். "உன் படுக்கையில இனி தூண்டில் எல்லாம் அடுக்கலாம்" என்றார். பிறகு, "நல்லா இரு" என்றார். பிறகு என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. அவருக்கு வார்த்தை இல்லாமல் போனதை முதல் முறையாகப் பார்த்தேன். எனக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை.

அம்மா படியில் நின்றாள். கையை ஆட்டவில்லை.

ஏப்ரல் 20

அவர்கள் வடக்கே கிளம்பிவிட்டார்கள். குளிர்காலத்தில் எல்லா வண்டியும் வெயில் தேடிப் போகிற பக்கம், குயின்ஸ்லாந்து. போகும் வழியில் இங்கே நிற்கவில்லை. அம்மா செய்தி அனுப்பினாள்: "அப்பாவுக்கு நேராப் போகணும்னு இருந்துச்சு." தட்டச்சு செய்ததில் எழுத்துகள் எங்கெங்கோ விழுந்திருந்தன. எந்த விரலால் அழுத்தினாளோ.

மே 12

வேலை பிடித்திருக்கிறது. நாள் முழுக்கக் குனிந்து நாற்று எடுப்பது, வேரை உதறுவது, கட்டுவது. வூலா மதியம் ரொட்டியும் ஆலிவும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விடுவாள். நேற்று, "எப்பவாவது ஏதாவது சொல்லணும்னா சொல்லு" என்றாள். "சரி" என்றேன். அதோடு இரண்டு பேருக்கும் போதும் என்று ஆகிவிட்டது.

ஜூன் 16

மதியம் அம்மா ஃபோன் செய்தாள். காற்றின் இரைச்சல், கடல் பக்கம் என்றாள். அங்கே இப்பவும் வெயிலாம். அப்பா கடலைப் பார்த்து வண்டியை நிறுத்தியிருக்கிறாராம், அழகான இடமாம்.

"உங்கப்பாதான் இப்ப எனக்குப் பொத்தான் போட்டு விடறாரு" என்றாள். "மேலயும் கீழயும் மாத்தி மாத்திப் போடுவாரு. சிரிப்பா வரும்."

"நல்லது."

"அங்க குளிருதா?"

"குளிருது."

"லெனி, ஃபிரிட்ஜ்ல குளிர் நிக்கவே மாட்டேங்குது" என்றாள். "நேத்து வாங்கின பால் இன்னிக்குத் திரிஞ்சுபோச்சு. கறியும் போச்சு. அவரு தீயைப் பெரிசா வச்சுப் பாக்குறாரு, சின்னதா வச்சுப் பாக்குறாரு. நீ என்னமோ பண்ணுவியே. கட்டையை எந்தப் பக்கம் வைப்ப? அந்தத் துணி எங்க கட்டுவ?"

கடலைப் பார்த்து நிறுத்தியிருந்தால் கரை சரிவு. மூக்குப் பக்கம் தூக்க வேண்டும். இரண்டு கட்டை, மட்டம் பார்த்து. துணி சுவரைத் தொடக் கூடாது. ஒரு நாளில் சரியாகிவிடும்.

"தெரியலைம்மா" என்றேன்.

"யோசிச்சுப் பாரேன்."

"தெரியலை."

அவள் வைக்கும்வரை காத்திருந்தேன். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு, விட்ட வரிசையிலிருந்து நாற்று எடுக்க ஆரம்பித்தேன்.